ஜவ்வாது மலையில் சாயாத படம்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கி, 1986-ல் இங்கு திறக்கப்பட்டது. உயரமான கட்டடத்தின் உச்சியில், குவிமாடத்துக்குள் அது இருக்கிறது.

மூட்டு வலியால் மலைக்கு வர முடியாத என் மாமியார், "எனக்குத்தான் கொடுத்து வைக்கலை. நல்லா படமாவது பிடிச்சிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். அனுமதி கேட்டுக்கொண்டு, வெளியே நின்று செல்போனை அண்ணாந்து பிடித்தால், கட்டடம் மேலே குறுகிப் பின்னால் சாய்ந்து தெரிந்தது.

"கட்டடம் சாயலை அத்தை. கேமராவைச் சாய்ச்சா அப்படித்தான் விழும்" என்றான் என் தம்பி மகன். படம் எடுப்பதுதான் அவன் தொழில். 'டில்ட்-ஷிஃப்ட்' என்ற லென்ஸை மாட்டி, கேமராவை முக்காலியில் மட்டமாக வைத்தான். திருகைத் திருப்பியதும் லென்ஸ் மட்டும் மேலே நகர்ந்தது. இதுதான் ஷிஃப்ட். இந்த லென்ஸ் உள்ளே விழவைக்கும் வட்டப் படம் தேவையைவிடப் பெரியது. பெரிய தாம்பாளத்தில் கொட்டிய மைசூர்பாகில் எந்த மூலையிலும் வில்லை எடுக்கலாமல்லவா? அப்படித்தான் இதுவும். கேமரா சாயாததால் சுவர்கள் நேராக நின்றன. உச்சியும் படத்துக்குள் வந்துவிட்டது.

ஜமுனாமரத்தூர் போகும் வழியில் ஒரு சாமை வயல். அங்கே டில்ட்டைக் காட்டினான். சாதாரண லென்ஸில் தெளிவாக விழும் இடம், நமக்கெதிரே நிற்கும் சுவர் மாதிரி. அதற்கு முன்னும் பின்னும் போகப் போக மங்கல். லென்ஸின் முகத்தைச் சற்றே கீழே கவிழ்த்தால், அந்தச் சுவர் பாய் விரித்தாற்போல வயல்மேல் படுத்துக்கொள்கிறது. காலடிப் பயிரிலிருந்து வயலின் கடைக்கோடி வரை ஒரே தெளிவு! மேட்டில் நின்று, லென்ஸை எதிர்ப்பக்கம் சாய்த்து எடுத்தால், ஒரு கீற்று மட்டும் தெளிந்து, கீழே தெரியும் ஊர் கொலுவில் வைத்த பார்க் மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டு படங்களையும் பார்த்த மாமியார், "நானே அங்க நின்னு பார்த்த மாதிரி இருக்கு" என்றார்.

இது புதிய வித்தையல்ல. துருத்தி வைத்த பழைய பெரிய கேமராக்களிலேயே லென்ஸை நகர்த்தவும் சாய்க்கவும் முடிந்தது. 1973-ல் கேனான் கம்பெனி இரண்டையும் ஒரே சிறிய லென்ஸில் கொண்டுவந்தது.

புது லென்ஸ் விலை அதிகம். நமக்கு அது வேண்டாம். கோயில் கோபுரமோ, புது வீடோ எடுக்கும்போது, நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, போனைச் சாய்க்காமல் நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். கீழே அதிகமாக விழும் தரையைப் பிறகு வெட்டிவிட்டால் போதும். கோபுரம் நேராக நிற்கும்.