‘ஒலிகோ’ என்றால் ‘இல்லை’ என்பதல்ல



கிளினிக் கொப்பியில் ‘ஒலிகோ ஓவியுலேஷன்’ என்று வைத்தியர் எழுதியதுமே, ‘அந்தப் பிள்ளைக்கு இனிக் குழந்தை இல்லையாம்’ என்று ஊரில் கதை பரவி விடுகிறது.

அந்தச் சொல்லை நாம் பிரித்துப் பார்ப்போம். ‘ஒலிகோஸ்’ கிரேக்கச் சொல். ‘சில, கொஞ்சம்’ என்று பொருள். சிலர் மட்டும் ஆளும் ஆட்சியை ‘ஒலிகார்க்கி’ என்பதும் இதே வேரில்தான். ‘ஓவியுலம்’ லத்தீன், சிறு முட்டை. ஆக, சூல்முட்டை வெளியாவது குறைவு, ஒழுங்காக மாதாமாதம் அல்ல என்பதே கருத்து. அறவே வெளியாகாவிட்டால் ‘அனோவியுலேஷன்’ என்பார்கள். அதற்கும்கூடச் சிகிச்சை இருக்கிறது.

‘குறைவு’ என்று எழுதியதை ‘இல்லை’ என்று வாசித்து, எமது பெண்பிள்ளைகளுக்கு ‘மலடி’ப் பட்டம் சூட்ட வேண்டாம். விளங்காததை வைத்தியரிடமே கேட்போம். துஆவும் செய்வோம், மருந்தும் எடுப்போம்.