ஒன்றரை டன் சிக்கனம்

சோடாவின் காரம் தண்ணீரின் குளிர்ச்சியில் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில், 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 0.66 லிட்டர் கரியமில வாயுதான் கரையும். அதே தண்ணீரை 5 டிகிரிக்கு இறக்கினால் 1.4 லிட்டர் வரை கரையும். அதாவது, வெதுவெதுத் தண்ணீரில் எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று போய்விடும். சோடா போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் பார் ஐஸ் கிடைக்காத நாளில் சோடா "சப்பென்று" இருப்பதை வாடிக்கையாளர் சொல்லிக் காட்டும்போது தெரிந்துகொள்கிறார்கள்.

சித்தையன்கோட்டையில் நான் பார்க்கப் போன ஏசி பட்டறைக்கு வேலை கொடுத்திருந்தவர் அப்படிப்பட்ட ஒரு சோடாக்காரர். ஊரில் எல்லாருக்கும் அவர் பாய்தான். ஐஸுக்காக ஆட்டோ வாடகை கொடுத்துச் சலித்துப்போய், "தம்பி, பழைய ஏசில கூலிங் தண்ணி பண்ணலாமாமே?" என்று மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறார். பண்ணலாம் என்றதன் விளைவு, பட்டறை வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்திருந்த ஒரு அவுட்டோர் யூனிட்.

செம்பட்டியிலிருந்து ஆத்தூர்ப் பக்கம் உள்ளே வரும் ஊர் இது. மேற்கே மலை, அதன் அடியில் காமராஜர் அணை, சுற்றிலும் நெல்லும் தென்னையும். ஏசி மெக்கானிக்குக்கு இங்கே ஆண்டு முழுக்க வேலை கிடைக்காது. ஃபிரிட்ஜ், கிரைண்டர் மோட்டார், வாஷிங் மெஷின் என்று எது வந்தாலும் பார்க்க வேண்டும். அந்தப் பல தொழில் பழக்கத்திலிருந்துதான் இந்த மாதிரி மாற்று வேலைகளுக்குத் துணிச்சல் வருகிறது.

வேலையின் முதல் திறமை வாங்குவதில் இருக்கிறது. பழைய யூனிட்டுகளுக்கு மெக்கானிக் திண்டுக்கல்லுக்குப் போகிறார். லாட்ஜிலும் ஜவுளிக்கடையிலும் கழற்றிப் போட்ட ஸ்பிலிட் ஏசிகள் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்கின்றன. இன்வெர்ட்டர் ஏசியை அவர் தொடுவதில்லை. அதன் போர்டு, உள்ளே மாட்டிய இன்டோர் யூனிட்டிடமிருந்து சிக்னல் வந்தால்தான் கம்ப்ரஸரை ஓட்டும். பழைய வகைக்கு அந்தப் பிகு இல்லை. கரண்டும் கெபாசிட்டரும் இருந்தால் ஓடும். அதைவிட முக்கியமாக அவர் பார்ப்பது, கழற்றியவன் எப்படிக் கழற்றினான் என்பதை. ஏசியை ஓடவிட்டு, லிக்விட் வால்வை மூடி, கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டிய பிறகு பைப்பைக் கழற்றுவதற்குப் பெயர் பம்ப் டவுன். அவசரக்காரன் கட்டிங் பிளேயரால் பைப்பை வெட்டிவிடுவான். "வெட்டுன யூனிட்டுக்குள்ள மழைத்தண்ணி, தூசி எல்லாம் போயிருக்கும்ணே. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேணாம்" என்றார்.

வெட்டுவதில் இன்னொரு நட்டமும் உண்டு. இந்தப் பழைய யூனிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஆர்-22. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-ன் மாண்ட்ரியல் ஒப்பந்த வழியில் உலகம் படிப்படியாக ஒதுக்கிவரும் கேஸ் இது. இந்தியாவில் புதிய கருவிகளில் இதைப் போட்டுத் தயாரிப்பது 2024-ஆம் ஆண்டோடு நின்றது. புவி வெப்பத்தைப் பொறுத்தவரை இதன் ஒரு கிலோ ஏறக்குறைய 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு வெட்டில் வானத்துக்குப் போவது அவ்வளவு.

யூனிட் ஒன்றரை டன். அந்த டன் என்ன என்று பாய்க்கு மெக்கானிக் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு டன் ஐஸ் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் ஏசி. இந்த டன் அமெரிக்கக் கணக்கு, 907 கிலோ. ஒன்றரை டன் என்றால் மணிக்குச் சுமார் 57 கிலோ ஐஸ். "நீங்க வாங்குற அம்பது கிலோ பார் இருக்குல்ல பாய், மணிக்கு ஒண்ணுன்னு வச்சுக்கங்க." 1833-இல் பாஸ்டன் ஏரி ஐஸைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பிய ஃபிரெடெரிக் டியூடரும், அந்த ஐஸைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸும் ஞாபகத்துக்கு வந்தன. குளிர்ச்சியைக் கட்டியாகச் சுமந்து விற்ற அந்த வியாபாரம் கம்ப்ரஸர் வந்ததும் படுத்துவிட்டது. அளவு மட்டும் இன்னும் ஐஸில்தான் நிற்கிறது.

ஆனால் பாய் நினைத்த மாதிரி முழு பார் கிடைக்காது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மெக்கானிக் வேலையை ஒப்புக்கொண்டாராம். அறைக்குள் இருக்கும் காற்றைக் குளிரவைக்கச் செய்த மெஷின் இது. அந்த வேலையில் காயிலுக்குள் கேஸ் 5 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் இடையில் கொதிக்கும். ஆர்-22 கேஜில் 70 பி.எஸ்.ஐ. ஒட்டிக் காட்டும். தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் கேஸ் அதற்கும் கீழே, பூஜ்யத்துக்கு அடியில் கொதிக்க வேண்டும். கேஜ் 50-க்கு இறங்கும். இறங்க இறங்க, கம்ப்ரஸர் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் கேஸ் மெலிந்துபோகும்; சக்தியில் கால் பங்குக்கு மேல் குறையும். 200 லிட்டர் தண்ணீரை 32-லிருந்து 6 டிகிரிக்கு இறக்க 5,200 கிலோ கலோரி எடுக்க வேண்டும். ஏட்டுக் கணக்கில் ஒரு மணிக்குச் சற்று மேல். நடப்பில் இரண்டு மணி நேரம்.

பட்டறைக்குள் வேலை இரண்டு காயில்களாக நடந்தது. மூணு நூல் செம்புக் குழாயை ஒரு பழைய கேஸ் சிலிண்டர் மேல் சுற்றிச் சுருளாக்கி, பஃப் ஒட்டிய தொட்டியின் ஓரமாக இறக்கினார்கள். கேஸ் ஓடுவது இதற்குள். இன்டோர் யூனிட்டின் காயிலையே தண்ணீருக்குள் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அதன் அலுமினியத் தகடுகள் தண்ணீரில் கிடந்து அரித்துப்போகும். இடுக்கில் பாசி சேரும். தொட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க ஒரு சின்னப் பம்ப். அதன் நடுவே, 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இன்னொரு சுருள். குடிக்கப்போகும் தண்ணீர் இந்த ஸ்டீல் சுருளுக்குள் ஓடி, வெளியிலுள்ள குளிரை வாங்கிக்கொண்டு போகும். செம்பில் ஓடும் கேஸும் குடிக்கிற தண்ணீரும் எங்கேயும் தொடாது.

கேப்பிலரிதான் இதில் கழுத்து. முடி மாதிரி மெல்லிய அந்தக் குழாயின் வழியே இறுகி வெளிவரும்போதுதான் கேஸின் அழுத்தம் விழுகிறது. 50, 64 என்று எண் சொல்லித்தான் கடையில் கேட்கிறார்கள். துளையின் அகலம் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. ஏசியில் இருந்த நீளம் இந்த வேலைக்குப் பொருந்தாது. நீட்டினால் அழுத்தம் இறங்கும், வெட்டினால் ஏறும். ஓட்டிப் பார்த்து, கேஜ் பார்த்து, கிளாம்ப் மீட்டரில் ஆம்ப்ஸ் பார்த்து, கம்ப்ரஸருக்குத் திரும்பும் பைப்பைக் கையால் தொட்டுப் பார்த்து அந்த நீளத்தை முடிவு செய்கிறார். தொட்டால் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். கம்ப்ரஸர் தலை வரை பனி ஏறினால், கொதிக்காத திரவம் உள்ளே போகிறது என்று அர்த்தம், வால்வு உடைந்துவிடும்.

இங்கேதான் இந்தத் தொழிலைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் மாறியது. எல்லாம் பழசு, எல்லாம் மலிவு என்கிற வேலையில் கைவண்ணம் என்பது சிக்கனத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தொட்டி பழைய டிரம், ஸ்டாண்டு வெல்டிங் மிச்சம், ஃபேன் வேறொரு யூனிட்டிலிருந்து வந்தது. அதிலெல்லாம் அவர் மிச்சம் பிடித்தார். சில இடங்களில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மறுத்தார்.

ஒன்று வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. ரூம் ஏசி மாட்டும் பலர், பைப்பிலுள்ள காற்றைக் கொஞ்சம் கேஸ் விட்டுத் தள்ளிவிட்டு வால்வைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம், பூஜ்யத்துக்கு மேலே ஓடும் ஏசியில் உடனே தெரியாது. இங்கே கேஸ் பூஜ்யத்துக்குக் கீழே போவதால், அந்த ஈரம் கேப்பிலரி வாயில் ஐஸாகி அடைத்துவிடும். நிறுத்தினால் உருகும், ஓட்டினால் அடைக்கும். அதனால் வேக்கம் பம்பை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தும் நிறுத்தவில்லை.

இரண்டாவது நைட்ரஜன். பற்றவைத்த இடங்களில் லீக் பார்க்க அழுத்தம் ஏற்ற வேண்டும். கேஸ் வெல்டிங்குக்கு வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கிறது. ஆனால் கம்ப்ரஸர் ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். அதன் ஹோஸைப் பொருத்தப் போன பட்டறைப் பையனை, "டேய், அத வை கீழ!" என்று அவர் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர் திரும்பிப் பார்த்தார். நைட்ரஜன் சிலிண்டர் வந்த பிறகுதான் சோப்புத் தண்ணீர் தடவினார்கள்.

மூன்றாவது கரண்ட். தண்ணீர்த் தொட்டிக்குள் பம்ப், பக்கத்தில் கம்ப்ரஸர், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆள். எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் இல்லாமல் லைன் கொடுக்க மாட்டேன் என்றார்.

நான்காவதில்தான் பாயோடு வாக்குவாதம் வந்தது. ஸ்டீல் காயில் விலை அவருக்குக் கசந்தது. "செம்புக் குடத்துல தண்ணி குடிச்சா நல்லதுங்குறாங்க, நீ என்ன தம்பி ஸ்டீலு ஸ்டீலுங்குற?" என்றார். மெக்கானிக் சிரிக்கவில்லை. "அது வெறும் தண்ணி பாய். நாளைக்கு நீங்களே கேஸ் ஏத்துன தண்ணிய இதுல திருப்பி விடுவீங்க. அது புளிப்பு, செம்பக் கரைச்சுப்பிடும். குடிச்சவனுக்கு வாந்தி வரும், உங்க பேரு கெடும்." கரியமில வாயு கரைந்த தண்ணீர் செம்பைக் கரைக்கும் என்பது உண்மை, சோடா ஃபவுண்டன் குழாய்களில் செம்பை விலக்குவது அதனால்தான். பாய் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, "சரி, ஸ்டாண்டுலயாவது கொஞ்சம் குறை" என்றார். ஸ்டாண்டில் குறைத்தார்.

ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. இவர் படித்தது வேறொரு மெக்கானிக்கிடம் கையாளாக நின்று. இப்படி உருமாற்றிய மெஷினைச் சோதித்து முத்திரை குத்த யாரும் வருவதில்லை. தவறு நடந்தால் சோடா குடிப்பவருக்கும் வயர் தொடுபவருக்கும்தான் தெரியும். அதனால் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்ற கோட்டை மெக்கானிக்கே போட்டு, வாடிக்கையாளரின் பேரத்துக்கு எதிரே அவரே காக்க வேண்டியிருக்கிறது. கேஸை வானத்தில் விடாமல் மீட்டு வைக்கும் மெஷின் இந்தக் கடையில் இல்லை. நான்கு ஊர் மெக்கானிக்குகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகும் என்கிறார். அந்தக் கோடு இன்னும் ஒரு படி நகர வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

தொட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் யூனிட்டின் மூடியில் பெயின்ட் மார்க்கரால் எழுதினார்: ஆர்-22, கேப்பிலரி எண், கேஜ் 50, ஓடும் ஆம்ப்ஸ், தேதி. இது எதற்கு என்று பாய் கேட்டார். "என்னைக்காவது நான் ஊர்ல இல்லாதப்ப வேற ஒருத்தன் திறப்பான்ல பாய். ஏசின்னு நெனச்சு எழுபதுக்கு கேஸ் ஏத்திட்டான்னா கம்ப்ரஸர் போச்சு. அவனுக்குத்தான் எழுதுறேன்."