பயோடெக் படிச்சா டாக்டர் மாதிரிதானே சார்?

சில வருஷம் முன்னாடி போகிற போக்கில் நான் சொன்ன ஒரு யோசனையைப் பற்றித்தான் இந்த இழை. பிளஸ் டூ, காலேஜ் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தா படிச்சுட்டுப் போங்க.

சுகருக்கு என்கிட்ட வர்ற டெய்லர் அண்ணன் ஒருத்தர். மகளுக்கு நீட்டில் மார்க் பத்தலை. "பயோடெக் சேர்த்தா டாக்டர் மாதிரிதானே சார்?" என்றார். மருந்துச் சீட்டு எழுதிக்கிட்டே "நல்ல படிப்புண்ணே, சேர்த்து விடுங்க"ன்னு சொல்லிட்டேன். அந்தத் துறையைப் பற்றி எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. மனுஷன் என் பேச்சை நம்பி, கல்விக் கடன் வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் பி.டெக் சேர்த்துட்டார்.

நாலு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணும் கூட வந்துச்சு. மெடிக்கல் கோடிங் வேலை, நைட் ஷிஃப்ட். வேலையில் குறை இல்லை. ஆனா அதுக்கு அந்தக் கடன் தேவையே இல்லை. "பிசிஆர் மெஷினைத் தூரத்துல நின்னுதான் சார் பார்த்தோம்" என்றது. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை.

அப்புறம்தான் நண்பர்களிடம் விசாரிச்சேன்.

எம்.பி.பி.எஸ் முடிச்சா கையில் ஒரு உரிமம் இருக்கும். பயோடெக்கில் அப்படி எதுவும் கிடையாது. உங்க கைக்கு என்ன வேலை தெரியும்கிறதுதான் அங்கே மதிப்பு. பெரும்பாலும் அது முதுகலையில்தான் வரும். அதனால முதுகலை எங்கே படிக்கிறோம்கிறது ரொம்ப முக்கியம்.

காசு கட்டித்தான் படிக்கணும்னு இல்லை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கிற படிப்புகளுக்கு ஜிஏடி-பி (GAT-B-ன்னு தேடுங்க) என்ற நுழைவுத் தேர்வு இருக்கு. நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அந்த வரிசையில் வந்ததுதான். எம்.எஸ்சி.க்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை. ஐஐடி எம்.எஸ்சி.க்கு 'ஜாம்'. கேட் எழுதி எம்.டெக் சேர்ந்தா மாதம் 12,400. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கி பிஎச்.டி போனா 2023-லிருந்து 37,000, வீட்டு வாடகைப்படி தனி.

வேலை? டெய்லர் அண்ணன் தினமும் போட்டுக்கிற இன்சுலினே பயோடெக் சரக்குதான். மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ வச்சு, பெரிய தொட்டியில் வளர்த்து, சுத்திகரிச்சு எடுக்கிறாங்க. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. வளர்க்க, சுத்திகரிக்க, தரம் பார்க்க என்று ஒவ்வொரு படிக்கும் ஆள் வேணும். பெங்களூரு, ஹைதராபாத் கம்பெனிகளில் இந்த வேலைகள் இருக்கு. கம்ப்யூட்டர் பிடிச்சவங்களுக்கு பயோஇன்ஃபர்மேடிக்ஸ்.

கருத்தரிப்பு மையங்களில் எம்பிரியாலஜிஸ்ட் ஆகலாம்னு ஆசை காட்டி குறுகிய காலச் சான்றிதழ் விற்கிறாங்க, உஷார். 2021 சட்டத்துக்குப் பிறகு அந்த வேலைக்குத் தகுதி விதிகளிலேயே எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டுக் காசைக் கட்டுங்க.

சேர்றதுக்கு முன்னாடி அங்கே படிக்கிற சீனியர்கிட்ட ஒண்ணு கேளுங்க: "நீங்களே தனியா செல் வளர்த்திருக்கீங்களா?"

அந்தப் பொண்ணு நைட் ஷிஃப்ட் போய்க்கிட்டே படிச்சு, ரெண்டாவது முயற்சியில் இடம் வாங்கிடுச்சு. போன வாரம் மெசேஜ்: "சார், ஃபிளாஸ்க் முழுக்க பூஞ்சை. ரெண்டு வார வேலை போச்சு." அப்பாகிட்ட இன்னும் சொல்லலையாம்.