பதிவேட்டில் பெயர் இல்லாதவர்

தஞ்சை வட்டாரத்தில் ஒரு நிலத்துக்குக் குத்தகைதாரர் யார் என்று கணினியிடம் கேட்டால், பதிவேட்டைப் பார்த்துத்தான் அது பதில் சொல்லும். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பதிந்துகொண்டவர்கள் அதில் இருப்பார்கள். வாய்ப்பேச்சில் நிலம் எடுத்து, களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்க மாட்டார்கள். வெள்ள நிவாரணம் யாருக்கு என்று விதி எழுதும்போது என் தொழிலின் அடிப்படைக் கேள்வியே இதுதான்: பெயர் இல்லை என்றால் ஆளும் இல்லையா?

என் தொழிலான தருக்க நிரலாக்கத்தில் கட்டளைகளை வரிசையாக எழுதுவதில்லை. தெரிந்த செய்திகளையும் விதிகளையும் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கிறோம். 1972-இல் மார்செய்யில் பிறந்த புரோலாக் என்ற இவ்வகை மொழி, ஒன்றை நிறுவ முயன்று தோற்றால் அது பொய் என்று எடுத்துக்கொள்ளும். 1978-இல் கீத் கிளார்க் இதற்குத் தருக்க நியாயம் கொடுத்தார்: எழுதிய விதிகளைத் தவிர வேறு வழியே கிடையாது என்று கொண்டால், இந்த மறுப்பு செல்லும். ரேமண்ட் ரைட்டர் தரவுத்தளங்களுக்கு வகுத்த, பதிவில் இல்லாதது பொய் என்னும் மூடிய உலகக் கொள்கையும் அதே ஆண்டில் வந்ததுதான். கும்பகோணம் ரயில் அட்டவணைக்கு இது பொருந்தும். அதில் இல்லாத ரயிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை.

குத்தகைப் பதிவேட்டுக்குப் பொருந்தாது. மெய்யியலாளர் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இப்படி முடிவுகட்டுவதற்கான நிபந்தனையை எப்போதோ சொல்லிவிட்டார்கள்: இருந்திருந்தால் கண்ணில் பட்டே இருக்கும் என்ற இடத்தில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். (புகாரில் தொடங்கும் மணிமேகலையிலும் அறியும் வழிகளான அளவைகளின் வரிசையில் இன்மை என்னும் அபாவம் வருகிறது. நம் கல்லூரிகளில் தருக்க வகுப்பை ஏன் அங்கிருந்து தொடங்குவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.)

1991-இல் கெல்ஃபாண்டும் லிஃப்ஷிட்ஸும் இரண்டு மறுப்புகளை ஒரே மொழிக்குள் வைத்தார்கள். 'குத்தகைதாரர் என்று தெரியவில்லை' ஒன்று. 'குத்தகைதாரர் அல்லர் என்று தெரியும்' இன்னொன்று. நில உரிமையாளருக்கே தொகை போகும் என்ற விதியில் நான் இரண்டாவதைத்தான் வைப்பேன். முதலாவது மட்டும் கையில் இருந்தால், அந்தப் புல எண் கள விசாரணைக்குப் போகும்.

இன்னும் நுட்பமான இடம் உண்டு. தண்ணீர் தாமதமானால் கடைமடையில் பலர் நாற்று விடாமல் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். பதிவில் சம்பா என்று மட்டும் இருக்கிறது. நடவு இல்லையேல் விதைப்பு, விதைப்பு இல்லையேல் நடவு என்று இரு விதிகள் எழுதினால், 1988-இல் அதே இருவர் தந்த நிலைத்த மாதிரிப் பொருண்மையியலில் இரண்டு மாதிரிகள், அதாவது இரண்டு உலகங்கள், கிடைக்கும். வயல் மூழ்கினால் இரண்டிலும் பயிர் இழப்புதான். ஆகவே இழப்பு உறுதி. வான் கெல்டர், ராஸ், ஷ்லிஃப் மூவரும் வகுத்த மூன்று மதிப்புப் பொருண்மையியலோ நடவு, விதைப்பு, இழப்பு மூன்றையுமே 'தெரியாது' என்று நிறுத்திவிடும். கணக்கிட அது எளிது. நிலைத்த மாதிரிப் பொருண்மையியலில் ஒரு மாதிரி உண்டா என்று பார்ப்பதே பொதுவாக, விரைவான வழி தெரியாத என்.பி. முழுமைச் சிக்கல். ஆனாலும் நிவாரணத்துக்கு நான் நிலைத்த மாதிரிகளையே எடுப்பேன். ஒரு வருவாய்க் கிராமத்தை மட்டும் எடுத்து ஓட்டினால் சுமை தாங்கக்கூடியதே.

இரண்டு உலகங்களும் முரண்படும் இடம் நாற்றங்கால் செலவு. ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போகும் தாளில், அந்தப் புல எண்ணுக்கு நேரே ஒரே கேள்வி: நாற்று விட்டார்களா?