எஃப்.டி.யை உடைக்க வந்த மாமா

ஸ்கந்தகிரி கோயிலில் அடிக்கடி பார்க்கிற மாமா அவர். எழுபது தாண்டியவர். பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டில். ஒரு நாள் மத்தியானம் எங்கள் கிளைக்கு வந்து, "எல்லா எஃப்.டி.யையும் உடைச்சு இன்னிக்கே ஆர்.டி.ஜி.எஸ். பண்ணணும்ப்பா" என்றார்.

வழக்கமாக அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுகிறவர், அன்று என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையில் செல்போன், திரை எரிந்துகொண்டே இருந்தது.

"யாருக்கு மாமா?"

"சொந்தக்காரருக்கு... நிலம் வாங்க."

படிவத்தில் இருந்ததோ ஏதோ ஒரு கம்பெனி பெயர்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில மாதம் முன்னால் இதே மாதிரி ஓர் அம்மா அவசரம் என்று வந்தார். மாதக் கடைசி, கூட்டம். படிவம் சரி, கையெழுத்து சரி, அனுப்பிவிட்டேன். மறுநாள் அழுதுகொண்டே வந்தார். விதிப்படி என் மேல் தப்பில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்பது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை வாயைத் திறக்காமல், ஒரு துண்டுச் சீட்டில் "போனில் போலீஸா?" என்று எழுதி நீட்டினேன். மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கண் கலங்கித் தலையாட்டினார். போனை வாங்கி அணைத்தேன். ரெண்டு நாளாக மாமியிடம்கூடச் சொல்லாமல், வீடியோ கால் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்!

வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டியவை:

1. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. போலீஸோ சி.பி.ஐ.யோ வருமான வரித்துறையோ வீடியோவில் கைது செய்யாது, 'சரிபார்க்க' பணம் அனுப்பச் சொல்லாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதை எச்சரித்தார்.

2. பணம் போய்விட்டால் உடனே 1930. அடுத்து உங்கள் வங்கி. திருடன் நிமிஷத்தில் கணக்கு கணக்காக மாற்றிவிடுவான். சீக்கிரம் சொன்னால்தான் மிச்சத்தையாவது முடக்க முடியும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளினால் போச்சு.

3. மொத்தச் சேமிப்பையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள். வைப்புக் காப்பீடு ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான், அதுவும் 2020 பிப்ரவரியிலிருந்து. 2001-ல் இங்கே கிருஷி கூட்டுறவு வங்கி மூழ்கியபோது அது வெறும் 1 லட்சம். நாலு கிளையில் பிரித்துப் போட்டாலும் வங்கி ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம்.

4. எஃப்.டி. வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்கும் வரம்பு மூத்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் வருடம் 1 லட்சம். பிடிக்கவில்லை என்றால் வரியே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லா வங்கி வட்டியையும் கூட்டித்தான் கணக்குக் காட்டவேண்டும். இதில் தெளிவாக இருந்தால், 'வரி பாக்கி' என்று மிரட்டுகிறவனைக் கண்டு பயம் வராது.

5. நாமினி பெயரைச் சரிபாருங்கள். 2025 நவம்பர் முதல் நாலு பேர் வரை போடலாம்.

ஆனால் இதெல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. அந்தத் திருடர்கள் முதலில் சொல்வது 'யாரிடமும் சொல்லாதே' என்பதுதான். பசங்க தூரத்தில் இருக்கிற வீடுகளில் அது சுலபமாகப் பலிக்கிறது. பெரிய தொகை எதுவானாலும், அனுப்பும் முன் எங்களில் ஒருவருக்கு ஒரு போன் என்று வீட்டில் ஒரு வழக்கமே வையுங்கள்.

இன்று ராத்திரி ஊருக்குப் பேசும்போது, "சாப்டாச்சா?" கேட்ட கையோடு, "புது ஆள் யாராவது போன் பண்ணாங்களா?" என்றும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அப்போதுதான் சொல்வார்கள்.