நயாகராவில் ஒரு கணக்கு

டொரண்டோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். போன சனிக்கிழமை நயாகரா போய் வந்தோம்.

கனடா படகில் எங்களுக்குச் சிவப்பு மழைக்கோட்டு கொடுத்தார்கள். எதிரே அமெரிக்கப் படகில் எல்லாரும் நீலம். ஆறு ஒன்றுதான், கரைகள் இரண்டு நாடு. சுமார் 57 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுவதைப் பார்த்து என் மனைவி, "இவ்வளவு தண்ணியும் வீணாப் போகுதேங்க" என்றாள். 2019 கோடையில் அம்பத்தூரில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவள் அவள்.

வீணாகவில்லை. 1950-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. சுற்றுலாக் காலத்தில் பகலில் விநாடிக்குக் குறைந்தது 1 லட்சம் கன அடி அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50 ஆயிரம் போதும். மீதியை மின்சாரத்துக்குச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இந்தப் பகல்நேர அளவுக்குப் பாய்ந்தால் சுமார் 10 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அந்த ஏரிதான் 2019-இல் வறண்டு கிடந்தது.

"பூண்டிக்கு வரும் கிருஷ்ணா தண்ணீரும் 1983-இல் ஆந்திராவோடு போட்ட ஒப்பந்தத்தால்தான்" என்றேன்.

"சரிங்க, அங்கேயும் மழை இல்லேன்னா?"

நூறு மார்க் கேள்வி. ஒப்பந்தம் தண்ணீரைப் பங்கு பிரிக்கும், உண்டாக்காது.

ஊர் திரும்பியதும் முதல் வேலை, வீட்டு மழைநீர்த் தொட்டியைத் தூர்வாருவது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளே, ஐப்பசிக்கு முன்னால் நீங்களும் செய்துவிடுங்கள். வந்து பார்ப்பேன்!