மகுடமும் பசியும்

எளிய கதையைப் படித்து மகிழ்வது வீண்பொழுது என்பர் சிலர். அமெரிக்க எழுத்தாளர் கியரா காஸ் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி செலக்‌ஷன்’ என்னும் புதினம் அவ்வெண்ணத்தை மாற்றவல்லது. இல்லியா என்னும் கற்பனை நாட்டில் மக்கள் பிறப்பால் எட்டுப் படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். இளவரசன் மாக்சனை மணக்க 35 பெண்கள் அரண்மனையில் போட்டியிடுகின்றனர். பட்டாடை, விருந்து, ஊடல் எனக் கதை விரைகிறது. படிப்போர் உறக்கம் மறந்து பக்கங்களைப் புரட்டுகின்றனர்.

ஐந்தாம் படிநிலையில் பிறந்த இசைக்கலைஞர் அமெரிக்கா சிங்கரோ மகுடத்தை விரும்பி வந்தவள் அல்லள். அவள் நேசித்த ஆஸ்பென் அவளினும் ஒரு படி தாழ்ந்தவன். அவனுக்காக ஆசையுடன் அவள் சமைத்த உணவே அவனது தன்மானத்தைச் சுட, அவன் அவளைப் பிரிந்தான். அரண்மனையில் தன்னை ஈர்ப்பது உணவே என்று இளவரசனிடம் அவள் ஒளிவின்றி உரைக்கிறாள். பசியின் கொடுமையை அவள் வாயிலாக அறிந்த இளவரசன், தாழ்நிலை மக்களுக்கு உணவளிக்கும் திட்டத்தை நாட்டுக்கு அறிவிக்கிறான்.

மகுடம் யாருக்கு என்று அறியும் ஆவலில் நூலைத் திறந்தவர், உணவு யாருக்கு இல்லை என்னும் வினாவோடு அதனை மூடுகிறார். மகிழ்ந்து படித்ததனால் அவ்வினாவின் கனம் குறைந்துவிடுவதில்லை.